தாதா படங்களும் நம் கடைத் தம்பிகளும்

வியாபாரப் பத்திரிகையில் சினிமாவுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். ரவுடிப் படம் என்றால் நமக்கும் ஆகாது. அதில் வியாபாரி வருவதே மாமூல் எடுத்துக் கொடுக்கவும், தள்ளுவண்டியோடு கவிழவும்தான். ஆனால் பேரப்பிள்ளைகள் வீட்டில் போட்டு விடுகிறார்கள். நாமும் ராத்திரி கல்லாவை எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்து விடுகிறோம்.

பார்த்தவரையில் நமக்குப் பட்டது ஒன்று. எதிரிக் கோஷ்டிக்குப் போடும் திட்டத்தில் இந்தத் தலைவர்கள் கெட்டிக்காரர்கள். கவிழ்வதெல்லாம் கூட இருப்பவனால். 1987-ல் வந்த 'நாயகன்' வேலு நாயக்கர், பம்பாய் வரதராஜ முதலியாரை வைத்து எழுதிய பாத்திரம் என்பார்கள். அவரைக் கடைசியில் சுடுவது அவர் ஆதரவில் வளர்ந்த பையன். 'தளபதி' (1991) மட்டும் விலக்கு. சூர்யா கடைசிவரை தேவாவை விடவில்லை. அது கர்ணன் கதை. செஞ்சோற்றுக் கடன் பாரதத்தில் நடக்கும், பலசரக்குக் கடையில் எத்தனை நாளைக்கு நடக்கும்? 'புதுப்பேட்டை'யில் (2006) கொக்கி குமார், கூட்டாளியின் தங்கை கல்யாணத்துக்குப் போன இடத்தில் தாலியைத் தானே கட்டிவிடுகிறான். அத்தனை நாள் விசுவாசமும் ஒரு முகூர்த்தத்தில் பகையாகிறது.

'வட சென்னை' (2018) ராஜன் ஊருக்கு நல்லவர். கூட இருந்தவர்கள் கடத்தல் செய்தார்கள், அது அவர்கள் தப்பு. ராஜன் கண்டித்ததும் நியாயமே. ஆனால் நாலு பேர் பார்க்க அடித்துவிட்டார். அவர்களே ஹோட்டலில் வைத்து அவரை முடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தோம்.

நம் கடையில் 11 வருஷம் இருந்த தம்பி ஒருவர். வெல்ல மூட்டையில் எடை குறைந்தது என்று, சில்லறைக் கடைக்காரர்கள் நிற்கையிலேயே அவரைக் கை நீட்டிப் பேசிவிட்டோம். லாரியில் வரும்போதே குறைந்துதான் வந்தது என்று மறுநாள் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. முதலாளி போய்க் கடைப் பையனிடம் எப்படிச் சொல்வது? ஆறு மாதத்தில் விலகி, ஆலங்குளத்திலேயே கடை போட்டார். நம் வாடிக்கைக்காரர்கள் சிலரும் அங்கே போனார்கள். நன்றி கெட்டவன் என்று பஜார் முழுக்கச் சொன்னோம்.

பையன் பத்து வருஷம் உழைத்தால் முதலாளியே இடம் பார்த்து, முதல் சரக்கைக் கடனுக்கு ஏற்றிவிடுவது நம் பக்கத்து வழக்கம். சென்னையில் நெல்லைச் சீமை அண்ணாச்சி கடைகள் பல இப்படி முளைத்தவையே. நாமே 'நாயகன்' வந்த அதே வருஷம் தனிக்கடை போட்டது முதலாளி தந்த சரக்கில்தான். தாதாவின் ஆளுக்கு இப்படி விலகிப் போக வழியில்லை. அவன் பங்கு எந்த எழுத்திலும் கிடையாது, கோர்ட்டுக்கும் போக முடியாது, ஆகவே கத்தி. நமக்குப் பேரேடு இருக்கிறது, பேசித் தீர்க்கச் சங்கம் இருக்கிறது. இருந்தும் விலகினவரைத் தாதா பார்க்கும் கண்ணால்தான் பார்த்திருக்கிறோம்.

போன தை மாதம் நாமே அவர் கடைக்குப் போய் எடை விஷயத்தைச் சொன்னோம். "தெரியும் அண்ணாச்சி, அன்னைக்கே லாரிக்காரர் சொல்லிட்டாரு" என்று சொல்லி, காபி வாங்கிவர ஆள் அனுப்பினார். இப்போது துவரம் பருப்பும் சீனியும் நம்மிடம்தான் எடுக்கிறார். 30 நாள் தவணை தருகிறோம் என்றோம். வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் ரொக்கமே கொடுத்தனுப்புகிறார்.