‘பொறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஏழாம் மாதம் ஆன பெண்ணிடம், "பிள்ளையை எந்த டாக்டரிடம் காட்டப்போகிறீர்கள்? பிறந்ததும் என்னென்ன ஊசி போடுவார்கள் என்று தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கோ மாமியாருக்கோ முகம் சுருங்கிவிடும். "மொதல்ல நல்லபடியாப் பொறக்கட்டும். இப்பவே நோய், ஊசின்னு வாயால சொல்லாத" என்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு முன்கூட்டி எதையும் யோசிக்கக் கூடாது என்ற இந்த நம்பிக்கை கல்வராயன் மலையிலும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. பட்டதாரி வீட்டிலும் இருக்கிறது. பெற்ற பிள்ளைகளை அடுத்தடுத்து மண்ணுக்குக் கொடுத்த தலைமுறையின் பயம் அது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேரைக் கொண்டுபோனவை ரணஜன்னியும் தொண்டை அடைப்பானும் கக்குவான் இருமலும் தட்டம்மையும்தான். இன்று இவை ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி இருக்கிறது. அன்றைய பயத்தைக் காட்டி இன்றைய ஊசியைத் தள்ளிப்போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளையின் முதல் பாதுகாப்பு பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்பிணிக்கு நர்ஸம்மா போடும் டி.டி. ஊசி தாய்க்கு மட்டுமானதல்ல. தாயின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்து, தொப்புள்கொடி வழியாக வரும் ரணஜன்னியைத் தடுக்கிறது. பிறந்த சில நாளில் பால் குடிக்க முடியாமல் விறைத்துப்போய் இறந்த குழந்தைகளின் கதை நம் பாட்டிமாரிடம் நிறைய உண்டு. அந்தக் கொடுமை இந்தியாவில் கட்டுக்குள் வந்துவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. கர்ப்ப காலத்து ஊசியும் சுத்தமான பிரசவமும் இல்லாமல் இது நடந்திருக்காது.

அடுத்தது ஹெபடைடிஸ் பி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி இது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து இந்தக் கிருமி தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஈரலில் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. பிறக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு யாரைக் கேட்பது என்று யோசித்து, வெளியூர் வேலைக்குப் போன கணவருக்குப் போன் போட்டு முடிப்பதற்குள் அந்த 24 மணி நேரம் ஓடிவிடும். வலியிலும் அசதியிலும் கிடக்கும் தாயை அந்த நேரத்தில் யாரும் கேட்கப்போவதுமில்லை. அவள் தெளிவாக இருக்கும் மாதங்களிலேயே அவளிடம் பேசி முடித்திருக்க வேண்டும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று வரும் ஊசிகள் பெரும்பாலும் அங்கே இருக்கும்போதே வருகின்றன. வெள்ளிமலைப் பெண் சின்னசேலம் பக்கம் பிரசவித்து, மூன்றாம் மாதம் மலையேறினால், அடுத்த ஊசி யார் கணக்கு? இங்கே உள்ள நர்ஸம்மா அங்கே போட்டிருப்பார்கள் என்று நினைப்பார். அங்கே உள்ளவர் இங்கே போட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார். கக்குவான் இருமல் அதிகம் கொல்வது இந்தச் சில மாதக் கைக்குழந்தைகளைத்தான். வளைகாப்புக்கு யார் யாரை அழைப்பது என்று நாள்கணக்கில் பேசுகிற நாம், எந்த ஊசி எந்த ஊரில் என்று பத்து நிமிடம் பேசக் கூடாதா?

ஊசி மீது மக்களுக்கு வரும் சந்தேகம் எல்லாமே அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். 2008-இல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. எந்தத் தாய் பயப்படாமல் இருப்பாள்? அதன்பின் அரசு கிராமத்துக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. கீழ்நாட்டில் அது ஒரு பஸ் தூரம். கல்வராயன் மலையின் உட்கிராமங்களில் கைக்குழந்தையோடு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகும் பயணம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-இல் நூற்றுக்கு 81 பேர். 2015-16-இல் 70 பேர். ஊசியைக் கிராமத்திலிருந்து மாற்றியது ஒன்றே இந்தச் சரிவுக்குக் காரணம் என்பதல்ல; ஆனால் ஊசி வீட்டை விட்டு விலகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. 2019-21-இல் அந்த எண்ணிக்கை 89 ஆக ஏறியது. இடையில் 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பள்ளியிலேயே ஊசி வேண்டாம் என்றவர்களில் பலர் நகரத்துப் படித்த பெற்றோர். மலைக்காரர்களைக் குறை சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

டாக்டர் விஷயத்திலும் இதே தாமதம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும் ராத்திரியில், கூட்டம் அதிகமுள்ள கிளினிக் எது என்று கேட்டு ஓடுகிறோம். காசு கொடுத்துப் போடும் 'காய்ச்சல் வராத ஊசி'தான் உசத்தி என்றும் நம்புகிறோம். அரசு ஊசிக்கு ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், உண்மைதான். ஆனால் கக்குவானுக்கு எதிராக அது தரும் பாதுகாப்பு கூடுதல் காலம் நிற்கிறது. கடன் வாங்கி விலை ஊசி போட வேண்டிய கட்டாயம் எந்த ஏழைக்கும் இல்லை.

டாக்டரை முன்கூட்டியே பார்த்துப் பேசுங்கள். போட்ட ஊசியை அட்டையில் எழுதித் தருவாரா, ராத்திரி அவசரத்துக்கு எங்கே போகச் சொல்வார், கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். மலையில் இருப்பவர்களுக்குப் பிள்ளையின் முதல் வைத்தியர் கிராம சுகாதார செவிலியர்தான். அவர் போன் நம்பரும், சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எப்படிப் போவது, எதில் போவது என்ற விவரமும் எட்டாம் மாதத்திலேயே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். செவிலியரும் கர்ப்பகாலப் பரிசோதனையில் எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து அனுப்பிவிடாமல், மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து அட்டையில் உள்ள ஊசிகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்ல வேண்டும். அதற்கான நேரத்தை அவருக்கு ஒதுக்கித் தருவது அரசின் வேலை.