வீட்டுக்கு வரும் 'நர்ஸ்' நிஜ நர்ஸா? கேட்பது யார்?

வேலூர்: காலை 7 மணிக்கு ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் ரோட்டில் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி பஸ்சும் வேனும் பெண்களை ஏற்றிக்கொண்டு பறக்கும். மகளும் வேலைக்கு, மருமகளும் வேலைக்கு. அப்போ பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை யார் பார்ப்பது?

லீவு போட்டால் சம்பளம் கட். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எத்தனை நாள் ஓட்டுவது? கொஞ்சம் வசதி உள்ளவர்கள் ஏஜென்சிக்குப் போன் போடுகிறார்கள். மறுநாளே ஒரு பெண் வந்து நிற்பார். வெள்ளை கோட்டு போட்டிருந்தால் போதும், தெருவே 'நர்ஸ்' என்று கூப்பிட ஆரம்பித்துவிடும்.

அவர் நிஜமாகவே நர்ஸ்தானா? படித்த நர்ஸ் என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு நம்பர் இருக்கணும். அட்டெண்டருக்கு அந்த நம்பர் கிடையாது. அதில் தப்பும் இல்லை. குளிப்பாட்ட, சோறு ஊட்ட, துணி மாற்ற அட்டெண்டர் போதும். ஆனால் ஊசி போடுவதும், மூக்கு டியூபில் கை வைப்பதும் அவர் வேலை இல்லை. அட்டெண்டரை அனுப்பிவிட்டு நர்சுக்கு உண்டான காசை வாங்கினால் அது பச்சை மோசடி!

கரையேறாத மசோதா

ரோட்டோர டீக்கடைக்குக் கூட உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேணும். வீட்டுக்குள் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு? மூத்த குடிமக்களுக்காக 2007ல் வந்த மத்திய சட்டத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பெரியவரைக் கைவிட்டு ஓடினால் 3 மாதம் வரை ஜெயில் என்று அதில் இருக்கிறது. வீட்டிலேயே வைத்துக்கொண்டு சரியாகப் பார்க்காவிட்டால்? பராமரிப்புத் தொகை கேட்டு தீர்ப்பாயத்துக்குப் போக அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது; ஏஜென்சி பற்றித்தான் அது வாயே திறக்காது.

இந்த ஓட்டையை அடைக்க 2019 டிசம்பரில் மக்களவையில் திருத்த மசோதா வந்தது. ஏஜென்சிகள் பதிவு செய்யணும், பயிற்சி பெற்ற ஆளைத்தான் அனுப்பணும் என்றது. நிலைக்குழுவுக்குப் போச்சு, அறிக்கையும் வந்தது. 2024ல் மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதி ஆகிவிட்டது. அஞ்சு வருஷம் வீண்!

அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை, பிசியோதெரபி, வலி நிவாரண சிகிச்சை எல்லாம் வாசலுக்கே வரும் திட்டம். 2024ல் ஐ.நா. விருதும் வாங்கியது. ஆனால் அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார ஆள் வேணுமே!

கண்காணிப்பு எப்படி இருக்கணும் என்று தெரிந்துகொள்ள தூரமாகப் போக வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் சமுதாய மருத்துவப் பிரிவு, கணியம்பாடி ஒன்றியத்தில் பல வருஷமாகக் கிராமம் கிராமமாகப் போகிறது. ஊர்ப் பணியாளர் பார்ப்பதை நர்ஸ் சரிபார்ப்பார், அதற்கு மேல் டாக்டர். ஏஜென்சி அட்டெண்டருக்கு மேல் யார் இருக்கிறார்கள்? மாசம் முடிந்தால் பணம் கேட்டு வரும் போன் மட்டும்தான்!

சாயங்காலம் இதைப் பாருங்க

வேலை முடிந்து வந்ததும் பெரியவரின் குதிகால், இடுப்பு, முதுகைப் பாருங்கள். சிவந்திருந்தால் உஷார்! படுத்தே இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டணும். புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும். அட்டெண்டர் சொல்லும் கணக்கைவிட தோல் சொல்லும் கணக்கு நிஜம்.

வேலைக்கு வைக்கும் முன்பே தமிழக போலீஸ் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். கையில் பணம் கொடுத்தால் பில் கேளுங்கள், வெட்கப்படாதீங்க. பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார் கட்டணமே கிடையாது. முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

வருகிற பெண்ணும் ஏழைதான். சில இடங்களில் 12 மணி நேரம் ஷிப்ட், படுப்பது ஹாலில். நீங்கள் கொடுக்கும் காசில் ஏஜென்சி கமிஷன் போக அவர் கைக்கு எவ்வளவு போகிறது? அதையும் ஒரு தடவை அவரிடமே கேட்டுப் பாருங்கள்.