மெத்தையில் சிறுநீர் கழிக்கும் பூனை... சேட்டையா, நோயா?

நேற்றுவரை லிட்டர் பாக்ஸை ஒழுங்காகப் பயன்படுத்திய பூனை, திடீரென்று மெத்தையிலும் சோபாவிலும் சிறுநீர் கழிக்கிறது. 'வேணும்னே பண்ணுது' என்று அடி விழுகிறது. சில வீடுகளில் பையில் போட்டுக் கொண்டுபோய் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டே வருகிறார்கள். ஆனால், அந்தப் பூனையை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் கால்நடை மருத்துவமனை.

காரணம், சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். இளம் பூனைகளுக்கு வரும் இந்தப் பிரச்னையில் பெரும்பாலும் கிருமித்தொற்று இருப்பதில்லை. மன அழுத்தத்துக்குத்தான் பெரிய பங்கு. லிட்டர் பாக்ஸில் போகும்போதெல்லாம் வலித்தால், வலிக்குக் காரணம் அந்த இடம்தான் என்று பூனை நினைத்துக்கொள்ளும். அதனால்தான் வேறு இடம் தேடுகிறது.

அமெரிக்காவின் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், இந்த நோய் உள்ள பூனைகளையும் ஆரோக்கியமான பூனைகளையும் ஒன்றாக வைத்துக் கவனித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. சாப்பாட்டு நேரம், பராமரிக்கும் ஆள் என வழக்கம் மாறிய வாரங்களில், ஆரோக்கியமான பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, லிட்டர் பாக்ஸுக்கு வெளியே போயின.

எப்போது அவசரம்?

ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்குகிறது, கத்துகிறது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை என்றால், மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு ஏற்பட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடி, இதயமே நின்றுவிடலாம். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறித்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

* பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு லிட்டர் பாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும். தினமும் சுத்தம் செய்யுங்கள்.

* சாப்பாடும் விளையாட்டும் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

* ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, ஏறி உட்கார உயரமான இடம் கொடுங்கள்.

* தண்ணீர் நிறைய உள்ளே போக வேண்டும். ஈரமான உணவு நல்லது.

* அடிக்காதீர்கள். பயம் கூடினால் நோயும் கூடும்.

டாக்டரிடம் போகும்போது, பூனை முக்குவதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வீடு மாறியது, விருந்தாளி வந்தது, புதுப் பூனை வந்தது என எதையும் விடாமல் சொல்லுங்கள். ஸ்கேனில் தெரியாத காரணம் அதில் இருக்கலாம்.