அலைச்சறுக்குப் படம்: யார் கொடுத்த மார்க் சரி?

2011-ல் வெளியான ‘சோல் சர்ஃபர்’ படத்துக்கு விமர்சகர்களிடம் கலவையான வரவேற்புதான். ஆனால், ‘சினிமாஸ்கோர்’ கணிப்பில் ரசிகர்கள் கொடுத்தது ஏ பிளஸ். ஏன் இந்த வித்தியாசம்?

2003-ல் ஹவாயில் சுறா தாக்கி இடது கையை இழந்த 13 வயது பெத்தனி ஹாமில்டன், ஒரே மாதத்தில் மீண்டும் அலையில் இறங்கிய உண்மைக் கதை அது. சினிமாஸ்கோர், முதல் நாள் படம் பார்த்தவர்களிடம் தியேட்டர் வாசலிலேயே மார்க் கேட்கிறது. அவங்க விரும்பி டிக்கெட் எடுத்தவங்க. எதிர்பார்த்தது கிடைச்சுதா என்பதே அவங்க கணக்கு. விமர்சகரோ திரைக்கதையை மற்ற படங்களோடு ஒப்பிடுகிறார். ரெண்டுமே பொய்யில்லை, கேள்விதான் வேற.

இது நமக்கு எதற்கு? 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. நாளை இந்தக் கடற்கரையிலிருந்து ஒரு சின்னப் படம் வரலாம். கடலே இல்லாத அம்பத்தூர், ஆவடி தியேட்டர்களில் அது ஓடுமா என்பதை முதல் நாள் ஸ்டார்களே முடிவு செய்துவிடக் கூடாது. மார்க்கைப் பார்க்கும் முன், கொடுத்தது யாருன்னு பாருங்க.