பல் ஆடினால் பிடுங்குவது மட்டும்தான் வழியா?



"வயசாச்சு, பல் ஆடுது, எடுத்துட வேண்டியதுதான்" என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரும்பாலும் பல்லை ஆட வைப்பது வயது அல்ல, ஈறு நோய். பல்லில் படியும் அழுக்கும் காரையும் ஈற்றைப் புண்ணாக்கி, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிடுகின்றன.

கரைந்த எலும்பு திரும்ப வளருமா? சில இடங்களில் வளரும். வேரைச் சுத்தம் செய்ததும், அந்தப் பள்ளத்துக்குள் ஈற்றின் மேல்தோல் வேகமாக இறங்கி இடம்பிடித்துவிடுகிறது. எலும்பும், அதைப் பல்லோடு பிணைக்கும் நாரும் மெதுவாகத்தான் வளரும். அதனால் நடுவில் ஒரு மெல்லிய சவ்வை வைத்துத் தைக்கிறார்கள். மெதுவாக நடந்துவரும் பாட்டிக்காகப் பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்போமே, அதே வேலைதான்!

1982இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் நைமன், லிண்டே, காரிங் முதலியோர் ஒரு வடிகட்டித் தாளை இப்படி வைத்து, மனிதப் பல்லின் வேரில் புதிய நார்ப் பிணைப்பு உண்டாவதைக் காட்டினார்கள். பிறகு வந்த சில சவ்வுகளை எடுக்க இரண்டாவது அறுவை தேவைப்பட்டது. இன்று பரவலாக உள்ள கொலாஜன் சவ்வு தானே கரைந்துவிடும். அது பெரும்பாலும் மாடு அல்லது பன்றியின் திசுவிலிருந்து எடுக்கப்படுவது. வேண்டாம் என்பவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் துண்டு போட சீட் இருக்க வேண்டும். எலும்பில் பள்ளம் குறுகலாக, ஆழமாக, சுற்றிலும் சுவரோடு இருந்தால்தான் நல்ல பலன். எலும்பு எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாகக் கரைந்திருந்தால் சவ்வு உதவாது. புகைபிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும், ஒழுங்காகப் பல் துலக்காதவர்களுக்கும் பலன் குறைவு.

ஆகவே நான் வற்புறுத்துவது இரண்டு. துலக்கும்போது ரத்தம் வந்தால், பேஸ்ட்டை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள், உடனே காட்டுங்கள். பிடுங்கச் சொன்னால், "இதைக் காப்பாற்ற வழி உண்டா?" என்று ஈறு சிகிச்சை நிபுணரிடம் ஒருமுறை கேளுங்கள். எக்ஸ்ரே பார்த்து அவரும் எடுக்கச் சொன்னால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். கேட்காமலே எடுப்பதுதான் எனக்கு வருத்தம். செயற்கைப் பல் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அந்த நார் அதற்குக் கிடையாது.

பல் மருத்துவம் படித்த பிள்ளைகள் கீழே உங்கள் கருத்தை எழுதுங்கள். எல்லோருக்கும் பயன்படும்.