காகிதம் குடிக்கும் ஜலம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிறவர்கள் சவுக்குத் தோப்புகளைக் கண்டிருப்பார்கள். நம் ஜில்லாச் சவுக்கு இப்போது அடுப்புக்கு மட்டுமன்று, காகித ஆலைக்கும் போகிறது. அங்கே மரத்தைக் காரத்தில் வேகவைத்து, லிக்னின் என்னும் வஸ்துவை நீக்கி நாரைக் கழுவுகிறார்கள். அதற்குத்தான் அவ்வளவு ஜலம்!

கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில், 1979-ல் ராஜாங்கத்தார் ஸ்தாபித்த கம்பெனியின் ஆலை காவேரி ஜலத்தில் நடக்கிறது. கரும்புச் சக்கை கழுவிய நீரைக் காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்து எரிவாயு எடுக்கிறார்கள். சுத்திகரித்த நீர் வயல்களுக்குப் போகிறது. கெட்டிக்காரத்தனந்தான். ஆனால், நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னுமேயன்றி உப்பைத் தின்னமாட்டா. எந்த ஆலையானாலும், வடிகால் இல்லாத பூமியில் அந்த உப்புத் தங்கினால் கிணறு கரிக்கும். கிணற்றைத் தவிர வேறு கதியில்லாத குடியானவன் என் செய்வான்?

ஆகையால், ஜலத்தை வெளியே விடுமுன் ஆலைக்குள்ளேயே திரும்பத் திரும்ப உபயோகிப்பதே முதற்காரியம். இயந்திரத்தில் காகிதம் படியும்போது வடியும் வெண்ணீரை மறுபடி கூழில் சேர்ப்பது அப்படிப்பட்டதுதான்.

என் வகுப்புப் பையன்கள் தாளின் ஒரு பக்கத்தில்தான் எழுதுகிறார்கள். அதட்டினேன். "மை ஊறுகிறது, ஸார்" என்றார்கள். வாங்கிப் பார்த்தேன், ஊறத்தான் ஊறுகிறது.