சூரியன் எதிரே நிற்கும்போது



இந்தப் பறவைச் சிறப்பிதழுக்காக நீங்கள் அனுப்பிய படங்களை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே வருத்தம்: "வெயில் எதிரே இருந்தது, பறவை கறுத்துவிட்டது, மன்னிக்கவும்." அந்த மன்னிப்புக்கு அவசியமே இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

சென்ற ஜனவரியில் ஒரு காலை, வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். சூரியன் மரங்களுக்கு மேலே அப்போதுதான் ஏறியிருந்தது. நேர் எதிரே ஒரு கூழைக்கடா கிளையில் அமர்ந்தபடி கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. தொண்டைப் பை விரிந்தது. பின்னாலிருந்து வந்த வெயில் அந்த மெல்லிய தோலில் ஊடுருவ, பை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அரச இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நரம்புகள் தெரியுமே, அதுபோல ரத்த நாளங்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. வெயில் என் முதுகுப் பக்கம் இருந்திருந்தால் வெறும் மங்கிய தோலைத்தான் பார்த்திருப்பேன்.

"சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்" என்பது கேமராவைக் கையில் எடுத்த அன்றே நமக்குச் சொல்லப்படும் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அதற்காக ஏரியைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் போகிறவர்களையும், கரையிலிருந்து இறங்கி நீரோரம் நடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆள் நெருங்கினால் கூட்டிலிருக்கும் தாய் எழுந்து பறக்கும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கும். பறவைகளைச் சுடக் கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கி வைத்த ஊர் வேடந்தாங்கல். அங்கே ஒரு படத்துக்காகப் பறவையை எழுப்புவது எவ்வளவு பெரிய தவறு! எதிர்வெளிச்சத்தில் எடுக்கப் பழகியவருக்கு அந்தத் தேவையே வராது. நின்ற இடத்திலேயே நிற்கலாம்.

பழக வேண்டியதில் முதலாவது, பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. பின்னால் பளிச்சென்ற வானம் என்றால் கேமராவின் மீட்டர் அதற்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பறவை நிழலுருவாகும். அதையே விரும்பினால் வானத்தின் நிறம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரை வைத்து, பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். கரண்டிவாயன் மட்டும் விதிவிலக்கு; அதன் அலகு தட்டையானது என்பதால் முன்னாலிருந்து பார்த்தால்தான் கரண்டியாகத் தெரியும். இறகின் விவரம் வேண்டுமென்றால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள். வானம் வெளுக்கும், வெளுக்கட்டும். பின்னால் நிழலான மரக்கூட்டம் என்றால் கணக்கு தலைகீழ். மீட்டர் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; கொக்கின் உடலோரம் பொன்கோடாக ஓடும் ஒளி வெந்துபோகும். அங்கே ஒரு ஸ்டாப் குறைத்துப் பாருங்கள். லென்ஸுக்கு ஹூட் மாட்டுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாக: டெலி லென்ஸ் வழியே சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கண் போய்விடும்.

அடுத்தது எடிட்டிங். இயன்றவரை ரா ஃபைலில் எடுங்கள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. அதனால் இருண்ட பகுதிக்குள் ஒளிந்திருக்கும் இறகை ஓரளவு மீட்டெடுக்கலாம். வெந்து வெளுத்த இடத்தில் மீட்க எதுவும் இருக்காது. ஆகவே எடுக்கும்போதே ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

வந்த படங்களில் என்னை வருத்தியவை கறுத்த படங்கள் அல்ல. கறுப்பை முழுக்க விரட்டிய படங்கள். ஒரு கொக்குப் படத்தில் ஷேடோஸ் ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளியிருந்தார்கள். மார்பு சாம்பலாகி, அதில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். தூவிகளைச் சுற்றி வெளிறிய வளையம். அந்த விடியலையே காணோம். முதலில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். ஆட்டோவில் விட்டால் காலை வெயிலின் பொன்னிறத்தைக் கேமரா பெரும்பாலும் குளிர்ந்த நிறமாக்கிவிடும். பிறகு ஹைலைட்ஸைக் கொஞ்சம் இறக்குங்கள். நிழலைக் கண்ணுக்கு ஓர் உருவம் பிடிபடும்வரை மட்டும் ஏற்றுங்கள்; அங்கே கையை எடுத்துவிடுங்கள். கரையில் நின்றபோது உங்கள் கண் என்ன கண்டதோ, அதுதான் அளவு.

இந்த இதழின் அட்டையைப் பாருங்கள். ஒரு பாம்புத்தாரா நனைந்த சிறகை விரித்துக் காயவைக்கிறது. உடல் முழுக்கக் கறுப்பு. சிறகின் ஓரத்தில் மட்டும் ஒவ்வோர் இறகையும் எண்ணிவிடலாம் போல வெயில் இறங்கியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டு வந்த படங்களில் இதுவும் ஒன்று.

அன்புடன்,
ஆசிரியர்